கையைக் குறை சொல்லும் முன் காலடியைப் பாருங்கள்

கோவையில் காற்று உளி பிடித்துக் கல் பதிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும்,



பல வருடங்களுக்கு முன் என் பட்டறையில் ஒரு பையன் மரகத மோதிரம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். நல்ல கை அவனுக்கு. கல்லைச் சுற்றி நின்ற தங்க விளிம்பைக் காற்றுச் சுத்தியால் தட்டி மடக்கி முக்கால் சுற்று வந்துவிட்டான். அப்போது கருவி ஒரு துள்ளு துள்ளியது. கல்லின் மூலை தெறித்துவிட்டது. "அண்ணா, நான் மெதுவாத்தான் மிதிச்சேன். அதுவா குதிச்சிருச்சு" என்றான். நான் நம்பவில்லை. கல்லுக்கான காசை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தேன். நான்காவது மாதம் அவன் வேறு பட்டறைக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு அந்த இடத்தில் நானே உட்கார்ந்தேன். ஒரு மார்கழிக் காலை. கருவிக்குக் காற்று விடும் கால்பெடலை மெல்ல அழுத்தினேன், உளி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், அசையவில்லை. அதற்கும் மேல் ஒரு நூல் அழுத்தியபோது கருவி முழு வேகத்தில் சீறியது. அவன் சொன்ன குதிப்பு அதுதான். பெடலைக் கழற்றிப் பார்த்தால், வால்வுத் தண்டில் இருந்த ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தைச் சுற்றி மஞ்சளாக, பிசின் போல ஏதோ இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய். பெடல் கிறீச்சிடுகிறது என்று சில மாதங்களுக்கு முன் ஊற்றியவன் நான்தான்.

பையனைத் தேடிப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். திரும்பி வரவில்லை. இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் அதுதான். வைசியாள் வீதியிலும் செல்வபுரத்திலும் எத்தனையோ பட்டறைகளில் இன்றைக்கும் கல் உடைந்தால் கையைத்தான் திட்டுகிறார்கள். காலடியில் கிடக்கும் பெடலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பெடலை ஒரு சுவிட்ச் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும் என்பதற்கு மேல் யோசிப்பதில்லை. பொடிக்கல் பதிக்கும்போது நமக்குத் தேவை ஓடுவதும் நிற்பதும் அல்ல, அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம். உலோகத்தில் வழி திறக்கும்போது ஒரு பலம் வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் அதைப் பிடிக்கும் மணி எழுப்பும்போது அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பழைய முறையில் அந்த அளவைச் சுத்தி பிடித்த கை வைத்திருந்தது. காற்றுக் கருவி வந்த பிறகு அது காலுக்குப் போய்விட்டது. கை திசையை மட்டும் பார்த்துக்கொள்கிறது. நம் பெரியவர்கள் தரையில் சம்மணமிட்டுச் செய்த வேலைக்கு நாம் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்ததே கால் ஒரு வேலையை எடுத்துக்கொண்டதால்தான். அப்படியிருக்க, உளியின் முனையை நாளைக்குப் பத்து முறை தீட்டுகிற நாம் பெடலை வருடத்துக்கு ஒரு முறைகூடத் திறந்து பார்ப்பதில்லை.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் டான் கிளேசர் கொண்டுவந்த கிரேவர்மெய்ஸ்டர் இயந்திரம் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. நாம் ஜி.ஆர்.எஸ். என்று சொல்லும் நிறுவனம் அந்த வழியில் வந்தது. இந்த வகையில் மேசைமேல் இருக்கும் பெட்டிதான் காற்றைத் துடிப்புத் துடிப்பாக வெட்டிக் கைப்பிடிக்கு அனுப்புகிறது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஸ்டீவ் லிண்ட்சே, தானும் ஒரு செதுக்குக் கலைஞர், வேறு வழியில் போனார். அவருடைய கருவியில் அடி கைப்பிடிக்குள்ளேயே பிறக்கிறது. பெடல் சீரான காற்றைக் கூட்டிக் குறைத்துத் தந்தால் போதும். பெடலே இல்லாமல், உள்ளங்கை அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் மாறும் கருவியும் அவர் செய்ததுதான். இன்று நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் விலை குறைந்த கருவிகளும் இந்த இரண்டில் ஒரு வழியைத்தான் பின்பற்றுகின்றன.

உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் பழுது பார்க்க உட்காராதீர்கள். பெட்டி வகையில், காலை எடுத்த பிறகும் உளி லேசாகத் துடித்தால் அது கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்த லேசான துடிப்பை வைப்பதற்கென்றே பெட்டியில் ஒரு திருகு இருக்கலாம். யாராவது துடைக்கும்போது அது நகர்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் பெடலைப் பிரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கைப்பிடிக்குள் அடி பிறக்கும் வகையிலும் சில பெடல்களில் இப்படி ஒரு திருகு உண்டு. அது மூடியிருந்தும் டிக் டிக் என்று கேட்டால் வால்வு முழுக்க அடைபடவில்லை என்று பொருள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் பழுது பார்க்க வரும் பெடல்களில் பெரும்பாலானவை தாமாகக் கெட்டவை அல்ல. காற்று அவற்றைக் கெடுத்திருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் தண்ணீர், துரு, எண்ணெய்ப் புகை எல்லாம் முதலில் முட்டி நிற்கும் குறுகலான வாசல் பெரும்பாலும் பெடல் வால்வுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் தண்ணீரை ஆவியாகத் தாங்கும். மழைக்காலத்தில் அதில் 80 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 கிராம். அந்தக் காற்றை 7 பார் அழுத்தத்துக்கு ஏற்றினால் அது எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்கும். சூடு ஆறிய பின் அந்த இடத்தில் 4 கிராமுக்குக் குறைவாகத்தான் ஆவியாக நிற்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராக இறங்கியே ஆக வேண்டும். இது ஒரு கன மீட்டருக்கான கணக்கு. பத்துப் பேர் உட்காரும் பட்டறையில் ஒரு நாளில் எத்தனை கன மீட்டர் ஓடும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போதும், ஐப்பசி மழையிலும் என்னிடம் வரும் பெடல்கள் கூடுவதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் டேங்க்கின் அடித்திருகைத் தினமும் திறந்துவிடுங்கள். காலையில் அல்ல, சாயங்காலம் வேலை முடிந்ததும். இரவு முழுக்கத் தண்ணீர் டேங்க்கில் கிடந்தால் உள்ளே துரு பிடிக்கும். அந்தத் துருப்பொடிதான் நாளைக்கு உங்கள் ஓ-ரிங்கைக் கீறும். அழுத்தத்தை ஒரு கிலோ அளவுக்கு இறக்கிவிட்டுத் திறந்தால் மீதிக் காற்றே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். முழு அழுத்தத்தில் திறந்து முகத்தில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஃபில்டரைக் கம்ப்ரசரின் தலைமாட்டிலேயே மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் காற்று இன்னும் சூடாக இருக்கிறது, தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்துவிடும். பிறகு குழாயில் ஆறி, மேசைக்குப் பக்கத்தில் சொட்டாக மாறும். மேசைக்கு அருகே இன்னொரு ஃபில்டர் வேண்டும், 5 மைக்ரான் இருந்தால் நல்லது. மேசைக்கு இறங்கும் கிளையைப் பெரிய குழாயின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் குழாயில் ஓடும் தண்ணீரெல்லாம் நேராக உங்கள் பெடலுக்குத்தான் வரும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. குழாயைக் காற்றுக்குப் போடாதீர்கள். நாள்பட நாள்பட அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தண்ணீர்க் குழாய் உடைந்தால் தரை நனையும்; காற்றுக் குழாய் உடைந்தால் சில்லு கத்தி மாதிரி பறக்கும்.

பெடலில் சந்தேகம் வந்தால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். காலை முழுக்க எடுத்தால் சத்தம் அடங்குகிறதா? பாதி மிதிக்கும்போது வேகம் படிப்படியாக ஏறுகிறதா, எகிறுகிறதா? முழுக்க மிதித்தால் முழு பலம் வருகிறதா? அடங்கவில்லை என்றால் வால்வு மூடவில்லை. எகிறினால் உள்ளே ஏதோ ஒட்டிப் பிடிக்கிறது, அல்லது ரெகுலேட்டர் அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கிறது. பலம் வரவில்லை என்றால் பத்துக்கு எட்டு முறை பெடலுக்கு வெளியேதான் காரணம்.

அந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. ரெகுலேட்டர் முள் மூன்று கிலோ காட்டுகிறது, ஆனால் உளி வெட்டவில்லை. உடனே பெடல் போச்சு, மாற்று என்கிறோம். முள்ளைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதியுங்கள். காற்று ஓடாமல் நிற்கும்போது காட்டும் அளவு ஒன்று, ஓடும்போது காட்டும் அளவு வேறு. மிதித்த நொடியில் முள் பாதிக்குச் சரிந்தால் அடைப்பு முள்ளுக்கு முன்னால் இருக்கிறது: ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஒரே மெல்லிய குழாயில் எல்லோரும் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். காலையில் நன்றாக ஓடிய கருவி சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லோரும் மும்முரமாக இருக்கும்போது மட்டும் சோர்கிறது என்றால் காரணம் அதுதான். முள் அசையாமல் நின்றும் உளி சோர்ந்தால், முள்ளுக்குப் பின்னால் தேடுங்கள். ஸ்டூல் சக்கரத்தின் அடியில் டியூப் நசுங்கியிருப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அப்படியும் புரியவில்லை என்றால் பெடலை வழியிலிருந்து எடுத்துவிடுங்கள். ரெகுலேட்டரைப் பூஜ்யத்துக்கு இறக்கி, பெடலுக்கு உள்ளே போகும் டியூபையும் வெளியே வரும் டியூபையும் ஒரு இணைப்பானால் நேராகச் சேர்த்து, அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். கைப்பிடி வழுவழுவென்று ஓடினால் குற்றவாளி பெடல். இப்போதும் திக்கினால் பெடல் நிரபராதி; கைப்பிடியையோ பெட்டியையோ பாருங்கள். பெட்டி வகைகளில் பெடலுக்கு ஓடும் டியூப் அடிக்கும் காற்றைக் கொண்டுபோவதாக இல்லாமலும் இருக்கலாம், ஆகவே அவற்றில் இப்படி நேராக இணைக்கும் முன் கருவியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் அதே மாதிரிப் பெடல் இருந்தால் பத்து நிமிடம் கேட்டு வாங்கி மாட்டிப் பார்ப்பது இன்னும் சுலபம்.

பெடலைத் திறக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் அடியில் ஒரு தட்டை வையுங்கள். காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். நம் வீதிகளில் சாக்கடை மண்ணைக்கூட அலசித் தங்கம் எடுக்கிறார்கள். வருடக்கணக்கில் உளியின் சீவல் விழுந்த இடத்துக்கு நேர் கீழே கிடந்த பெட்டியில் தங்கம் இல்லாமலா இருக்கும்? ஊதினால் அதுவும் போகும், மிச்சச் சீவல் வால்வுக்குள்ளும் ஏறும். சுத்தமான, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுக்குள் தள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் எடுங்கள். எந்த டியூப் உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மாற்றிச் செருகினால் சில வால்வுகள் மூடவே மூடாது.

உள்ளே இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, மெல்லிய ரப்பர் அல்லது சிலிக்கான் குழாயை நசுக்கி விடுவிக்கும் அமைப்பு. காலை எடுத்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் குழாய் நசுங்கியே கிடக்கிறது. தீபாவளி, பொங்கல் விடுமுறை என்றால் பத்து நாள் நசுங்கிக் கிடக்கிறது. வந்து மிதித்தால் காற்றே வராது, சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். விரலால் உருட்டி விட்டால் திறந்துகொள்ளும். தழும்பு ஆழமாக விழுந்திருந்தால் குழாயை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்திப் புது இடத்தைக் கவ்வ விடுங்கள். வெடிப்பு தெரிந்தால் அதே உள்விட்டம், அதே சுவர்த் தடிமனில் புதுக்குழாய் போடுங்கள். கொஞ்சம் தடியானதைப் போட்டால் எகிறும், மெல்லியதைப் போட்டால் கசியும்.

இன்னொன்று, ஓ-ரிங் மாட்டிய தண்டு ஒரு துளைக்குள் ஏறி இறங்கும் அமைப்பு. இங்கே ஒரு கெட்ட பழக்கத்தை விட்டாக வேண்டும். ஓ-ரிங்கை எடுக்க நம் கை தானாக உளியைத் தேடும். வேண்டாம். உளி முனை அந்தத் துளையின் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஓ-ரிங்கும் அங்கே காற்றை நிறுத்தாது. பல் குத்தும் மரக்குச்சி போதும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். தின்னர், அசிட்டோன் தொடாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். உள்விட்டமும் தடிமனும் சரியாக இருக்கும் நைட்ரைல் ஓ-ரிங் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள்.

தடவுவதற்கு சிலிக்கான் கிரீஸ், விரலில் எடுத்தால் பளபளப்பு மட்டும் தெரியும் அளவு. ஆனால் நசுங்கும் குழாய் சிலிக்கானாக இருந்தால் அதன் பக்கத்தில் சிலிக்கான் கிரீஸைக் கொண்டுபோகாதீர்கள், ஊறிவிடும். தாராளமாகப் பூசினாலும் ஆபத்துதான். அதிகமான கிரீஸ் காற்றோடு கைப்பிடிக்குப் போய்ப் பிஸ்டனைப் பிடிக்கும். பெடலைச் சரிசெய்த மறுநாளே கைப்பிடி மக்கர் செய்கிறது என்று வருபவர்களின் கதை இதுதான். துருப் பிடித்த திருகை இளக்குகிற ஸ்பிரேயை வால்வுக்குள் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் நாள் வெண்ணெய் போல ஓடும். அது இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போன பிறகு வறண்டு பிடிக்கும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது? அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். கோவையின் மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாக நிற்பது பெடலுக்குள் மட்டும் உருகியா நிற்கும்? வெயில் ஏறினால் சரியாகிவிடும்; அதனால் மெக்கானிக் மதியம் வந்து பார்த்துவிட்டுப் பெடல் நல்லாத்தானே இருக்கு என்று போய்விடுவார். அந்தப் பையன் கல் உடைத்ததும் ஒரு காலை நேரத்தில்தான். நாள்பட்டால் அது அழுக்கோடு சேர்ந்து பிசின் போல இறுகவும் செய்கிறது. பெடலின் வெளிக் கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இணைப்புகளில் வெள்ளை டேப் சுற்றும்போது முதல் இரண்டு மரையை வெறுமையாக விடுங்கள். நுனிவரை சுற்றினால் பிசிறு உள்ளே கிழிந்து, காற்றோடு போய், வால்வின் உதட்டில் உட்காரும். தலைமுடி அளவு நார் போதும், பெடல் ராத்திரி முழுக்கக் கசிய. டியூபைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டாமல், புது பிளேடால் செங்குத்தாக வெட்டுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் பேனா ஸ்பிரிங்கைத் திணிக்காதீர்கள். அது வேறு பலத்துக்குச் செய்த பொருள், உங்கள் கால் பழகிய அளவெல்லாம் மாறிவிடும்.

மின்சாரப் பெடல் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: வயர் பெட்டிக்குள் நுழையும் வளைவில்தான் முதலில் அறும், அங்கே ஆட்டிப் பாருங்கள். மற்றதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பட்டறைக்காரர்களே, சேதாரத்தை மில்லிகிராமில் எழுதுகிறோம். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிறு நோட்டுப் போட்டு, பெடல் எப்போது திறந்தது, ஓ-ரிங் எப்போது மாறியது என்று எழுதி வைக்கக் கூடாதா? கல் உடைந்தால் சம்பளத்தில் கை வைக்கும் முன் அந்தப் பெடலில் நீங்களே உட்கார்ந்து, அதே நேரத்தில், அதே வேகத்தில் மிதித்துப் பாருங்கள். "அதுவா குதிச்சிருச்சு" என்று ஒரு பிள்ளை சொன்னால், பொய் சொல்கிறது என்று தொடங்காதீர்கள். வங்காளத்திலிருந்து வந்து நம்மோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கு இதைச் சொல்லவும் மொழி தடையாக இருக்கிறது. இந்த மடலை அவர்கள் படிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் செய்துகாட்டிச் சொல்லுங்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யலாம். வேலை முடிந்ததும் மின்விசிறியையும் பாலிஷ் மோட்டாரையும் நிறுத்துங்கள். கம்ப்ரசரின் சுவிட்சையும் அணையுங்கள், ஆனால் டேங்க்கில் காற்று இருக்கட்டும். எல்லோரும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். எந்த மேசையின் அடியிலிருந்து "ஸ்ஸ்" என்று வருகிறதோ அங்கே போய்ச் சோப்பு நுரையைத் தடவுங்கள். இணைப்பில் குமிழ் வந்தால் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். பெடலுக்குள்ளிருந்து வந்தால், சாயங்காலத் தண்ணீரைத் திறந்துவிட்ட கையோடு கழற்றித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நான் பட்டறையில்தான் இருப்பேன். எப்படித் திறப்பது என்று பக்கத்தில் உட்காரவைத்தே காட்டுகிறேன், காசு வேண்டாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்